நகப்பூச்சுக் கோடு

படகுத்துறையில் அவளை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவர்கள் அணிலக்கா என்பார்கள், அவ்வளவுதான் மரியாதை. நாற்பத்தேழு கிலோ எடை. எவ்வளவு தின்றாலும் நாற்பத்தெட்டு ஆனதில்லை. பாய்மரத்தில் ஏறி வேலை பார்க்கிறவர்களுக்கு எடை குறைவாக இருப்பது பாதித் தகுதி, கீழே குனிந்து பார்க்காமல் இருக்கத் தெரிவது மீதிப் பாதி. இரண்டும் அவளுக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டன. கூடவே கோபமும் அமைந்தது. அந்தக் கோபம்தான் ஏழு வருஷம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

அவளுடைய வேலை உச்சிப் பூட்டு. காலண்டரில் பாய்மரப் படகு பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பாய், நீலக் கடல், எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பாயை மேலே பிடித்துக்கொண்டிருப்பது எது என்று காலண்டர் அடித்தவனுக்குத் தெரியாது. ஒரு கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மரத்தின் உச்சியில் ஒரு கப்பி வழியாகப் போய், மறுபக்கம் கீழே இறங்கி, கைப்பிடி போட்டுச் சுழற்றுகிற வின்ச் என்ற உருளையில் சுற்றியிருக்கும். காற்று பாயை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தப் பக்கமும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆக, மரத்தின் தலையில் இரட்டைச் சுமை. போதாக்குறைக்குக் கயிறு என்றால் நீளும். கொஞ்சம் நீண்டாலும் பாய் தொளதொளத்துவிடும்.

அதற்குத்தான் பூட்டு. கயிற்றில் தோட்டா மாதிரி ஒரு உலோகக் குண்டு கோத்திருக்கும். பாயை முழுக்க ஏற்றியதும் குண்டு பூட்டின் வாய்க்குள் நுழையும், உள்ளே ஒரு நாக்கு டக்கென்று தாவிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கீழே கயிற்றைத் தளர்த்திவிடலாம், சுமை முழுக்கப் பூட்டின் பொறுப்பு. ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பாயை இறக்க வேண்டுமானால் கயிற்றை விட்டால் போதாது, முதலில் இரண்டு விரற்கடை மேலே இழுக்க வேண்டும். இழுத்தால்தான் நாக்கு பின்வாங்கும். இறக்குவதற்கு முதலில் ஏற்று என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். காற்று முற்றியபிறகு நாக்கு பின்வாங்க மறுத்தால் சிரிக்க மாட்டார்கள். பாய் இறங்காது, படகு சாய்ந்துகொண்டே போகும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, மூன்று திருகாணிகளைத் திறந்து, நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, காற்றடித்து உலர்த்தி, தெளித்தால் காய்ந்துவிடுகிற ஒரு மசகை லேசாகத் தெளித்து மூட வேண்டும். கிரீஸ் கூடவே கூடாது. கிரீஸ் போட்டால் வழுவழுவென்று ஓடுமே என்று யாருக்கும் தோன்றும். ஓடும், ஒரு மாதம் ஓடும். அப்புறம் உப்பும் தூசியும் அதில் ஒட்டிக் களிமண்ணாகி, நாக்கு நின்ற இடத்தில் நின்றுவிடும்.

மூடிய பிறகு அணிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று திருகாணிகளின் மேலும் சிவப்பு நகப்பூச்சால் மெல்லிசாக ஒரு கோடு போடுவாள். திருகாணித் தலையில் தொடங்கி மூடியின் மேல் முடிகிற கோடு. யாராவது திருகாணியைத் திருப்பினால் கோடு அறுந்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சு அது. நகத்தில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, பூட்டில் வருஷக்கணக்காக நின்றது. தீரத் தீர அதே நிறத்தில் வாங்கி, வேலை மேசைக்கு மேலே பலகையில் வைத்துக்கொண்டாள். அவள் கோடு போட்ட பூட்டைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது. ஒருமுறை வண்ணம் பூசுகிறவர் ஒருவர் சும்மா வேடிக்கைக்குத் திறந்து பார்த்துவிட்டார். அவரைப் பெற்றவள்வரை இழுத்து அவள் திட்டிய திட்டில், அந்த மனிதர் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

அவளை மேலே ஏற்றுகிறவர் அவள் புருஷன். இன்றைக்கு அவர் அந்தத் துறையின் மேஸ்திரி. அன்றைக்கு வின்ச்காரர். படகுகளில் உள்ள வின்ச்சுகளைப் பிரித்துத் துடைத்து, நீல கிரீஸ் போட்டு மூடுவது அவர் வேலை. அணில் கயிற்றில் தொங்குகிற கான்வாஸ் இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள், அவர் வின்ச்சைச் சுற்றி அவளை உச்சிக்கு அனுப்புவார். தரையில் அவள் அவரை ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவாள். ஆனால் உச்சியிலிருந்து கத்தும்போது மரியாதைக்கு நேரம் ஏது? ஏத்து, நிறுத்து, இறக்கு. மூன்றே சொல். இருபது வருஷத்தில் அவர் கை ஒருமுறைகூடக் குலுங்கியதில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இறக்குவார். பிள்ளை இல்லாத வீடு, அந்தப் பக்குவமெல்லாம் அவளுக்கே கிடைத்தது.

அவளுக்கு ஒரே தம்பி. அக்காவை மாதிரியே ஒல்லி, அக்காவை மாதிரியே ஏறுவான். ஒரு பெரிய படகில் மேல்தள ஆளாக வேலை பார்த்தான். அந்தப் படகின் உச்சிப் பூட்டும் அணிலின் கைவேலைதான். ‘அக்கா பூட்டுனது, அடுத்த ஜென்மத்துலதான் கழலும்’ என்று கூட இருப்பவர்களிடம் பெருமை பேசுவானாம். பெருமை பேசுகிறவன் வாயில் சனி உட்கார்ந்திருக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது?

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கடலில் திடீர்க் காற்று. பாயை இறக்கச் சொன்னார் கேப்டன். கயிற்றை இரண்டு விரற்கடை இழுத்தார்கள், நாக்கு பின்வாங்கவில்லை. நான்கு விரற்கடை இழுத்தார்கள், அப்போதும் இல்லை. படகு சாய்ந்து, மேல்தளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் தம்பியை இருக்கையில் உட்காரவைத்து மேலே அனுப்பினார்கள். ஆடுகிற மரத்தின் உச்சிக்குப் போய்ச் சுத்தியல் பிடியால் நாக்கைத் தட்டித் தட்டி விடுவித்தவன் அவன்தான். பாய் இறங்கியது, படகு பிழைத்தது, ஏழு பேர் பிழைத்தார்கள். இறங்கி வரும் வழியில் படகு உருண்ட வேகத்தில் அவன் வெளியே வீசப்பட்டு, திரும்பி வந்து மரத்தில் மோதினான். இடது முழங்கால் மாவாகிவிட்டது. மருத்துவமனையில் கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “அக்கா கழுவல.”

அதற்குப் பிறகு அவன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஏழு வருஷம்.

விசாரணைக்கு இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், உயரம் என்றால் மட்டும் தலை சுற்றும். மரத்தின் உச்சியைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, மீதியை நோட்டுப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டார். பராமரிப்பு நோட்டில் அந்தப் பூட்டுக்கு நேரே அணிலின் கையெழுத்து இருந்தது. கடைசியாக யார் தொட்டது என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற புருஷன் பதில் சொன்னார்.

“அவதான் தெறந்தா, அவதான் மூடினா. அதுக்கப்புறம் யாரும் தொடல சார்.”

உண்மையைத்தானே சொல்கிறார் என்று அவளும் தலையாட்டினாள். பூட்டைத் திறந்து பார்க்கிறேன் என்று அவள் கேட்டதற்கு, இனி என் படகுப் பக்கமே வரக் கூடாது என்று படகின் முதலாளி சொல்லிவிட்டார். பூட்டைக் கழற்றக்கூட அவருக்கு மனமில்லை. குண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கயிற்றைப் பழைய மாதிரி கீழேயே கட்டவைத்து, அந்த மாதமே படகை வேறு துறைக்காரருக்கு விற்றுத் தலைமுழுகினார். பூட்டு மரத்தின் உச்சியிலேயே, மூடாக்குத் தகட்டுக்கு அடியில் தங்கிவிட்டது.

இங்கே இவள் தங்கினாள், பழியோடு. துறையில் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை, நாற்பத்தேழு கிலோவில் இன்னொருவர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் நடந்துபோனால், “அக்கா, கை கழுவியாச்சா?” என்று யாராவது கேட்பார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பழைய அணிலாக இருந்தால் கேட்டவன் அன்றைக்கு வீட்டுக்கு முழுசாகப் போயிருக்க மாட்டான். இவள் குனிந்துகொண்டு போனாள். ஏனென்றால் அவளுக்கே சந்தேகம். அந்தப் பூட்டை மூடிய அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வா என்று தம்பி போன் செய்திருந்தான், அவசரத்தில் இருந்தாள். புது ஸ்பிரிங் போட்டது ஞாபகம் இருக்கிறது, நோட்டிலும் இருக்கிறது. கழுவினேனா? கழுவின மாதிரிதான் ஞாபகம். நூறு பூட்டு கழுவியவளுக்கு எந்த ஞாபகம் எந்தப் பூட்டுடையது என்று எப்படித் தெரியும்?

வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை கழுவ ஆரம்பித்தாள். தட்டு, டம்ளர், கழுவிய தட்டு, கழுவிய டம்ளர். விரல் நுனிகள் வெடித்து ரத்தம் வந்தது. புருஷன் பேசாமல் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிடுவார். விடு, நடந்தது நடந்துபோச்சு என்பார். ஒருநாள், ஒருபொழுது, உன்னால்தானே என்று ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. சண்டை என்று வந்தால் எந்தப் புருஷன் அந்தக் கத்தியை எடுக்காமல் விடுவான்? இவர் எடுக்கவே இல்லை. தங்கமான மனிதர் என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த வருஷமே அவர் மேஸ்திரி ஆனபோது, ஊரில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். ‘கை கழுவியாச்சா’ என்று யாராவது கேட்கும்போது அவர் பக்கத்தில் நின்றால் வின்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தன் மனைவியைப் பேசுகிறார்களே என்று மனிதருக்கு வேதனை, அதுதான் முகம் கொடுக்க முடியவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அம்மா தம்பியோடு இருந்தாள். நாலாவது வருஷம் போய்ச் சேர்ந்தாள். போவதற்கு இரண்டு நாள் முன்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது, “பொறந்ததுலேருந்து அவனை நீதான்டி இடுப்புல தூக்கிச் சுமந்தே. அந்தக் காலைக் கொஞ்சம் நெனச்சுப் பாத்திருக்கக் கூடாதா.” தம்பி கட்டிலின் மறுபக்கம் ஊன்றுகோலோடு நின்றான். நடுவில் அம்மா கிடந்தாள்.

இந்த வருஷம் அந்தப் படகு திரும்பி வந்தது. மூன்றாவது கை மாறியிருந்தது. பெயர் மாற்றி, நிறம் மாற்றி, புது முதலாளியோடு வந்து துறையில் நின்றது. அணில் மரத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள். புது முதலாளிக்கு உச்சிப் பூட்டு வேண்டுமாம். பழசைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்த வேண்டும். பழைய கதை அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

காலையில் இருக்கையில் உட்காரும்போதே மேஸ்திரி ஒரு மாதிரி இருந்தார். வேறு யாரையாவது அனுப்பட்டுமா, உனக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்றார். வேண்டாம் என்றாள். பிறகு, அந்தப் பழைய பூட்டைத் திறந்துகொண்டெல்லாம் இருக்காதே, அப்படியே கழற்றித் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். தனக்காகத்தான் சொல்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு இளகிப்போனது. ஏத்து என்றாள்.

இருபத்திரண்டு மீட்டர். உச்சியில் காற்று லேசாக இருந்தது. மூடாக்குத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே பூட்டு இருந்தது, அதன் மேல் நகப்பூச்சும் இருந்தது. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்புளியை வைக்கப் போனவள் நின்றாள். அவள் போடுவது கோடு. இங்கே இருந்தது பொட்டு. மூன்று திருகாணிகளின் தலையிலும், குழந்தைக்குப் பொட்டு வைத்த மாதிரி, உருண்டையாக ஒரு சொட்டு. நகத்தால் மெல்லச் சுரண்டினாள். பொட்டு பெயர்ந்து வந்தது, அதற்கு அடியில் அவளுடைய கோடு இருந்தது. திருகாணித் தலையில் ஒரு பாதி, மூடியின் மேல் ஒரு பாதி. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை.

திறந்தாள். உள்ளே நீலம். வெயிலில் கிடந்த சோப்பு மாதிரி இறுகிய நீல கிரீஸ், மேலெல்லாம் மணலும் உப்பும் பொரிந்து கிடந்தன. விரலால் ஒரு மூலையில் வழித்தாள். அடியில் உலோகம் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு உப்பில்லை, ஒரு துளி அழுக்கில்லை. கழுவித் துடைத்த உலோகத்தின் மேல்தான் அந்தக் கிரீஸ் போயிருக்கிறது. அவள் கழுவியிருக்கிறாள். ஏழு வருஷமாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்விக்குப் பதில், விரல் நுனியில் பளபளத்தது.

அந்தத் துறையில் நீல கிரீஸ் ஒரே ஒரு டப்பாவில்தான் இருக்கும். அந்த டப்பா ஒரே ஒருவருடைய அலமாரியில்தான் இருக்கும்.

அன்றைக்குத்தான் அவள் உச்சியிலிருந்து முதன்முறையாகக் கீழே குனிந்து பார்த்தாள். வழுக்கை விழுந்த ஒரு தலை, வின்ச்சைப் பிடித்த இரண்டு கை. முகம் மேலே நிமிர்ந்தது. “என்ன?” என்று கேட்டார்.

“இறக்கு,” என்றாள்.

இறங்கும்போது அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. விட்டுவிடுவானோ? விடவில்லை. எப்போதும் போலத் தூங்குகிற குழந்தையை இறக்குகிற மாதிரி அவளை மேல்தளத்தில் இறக்கினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கழற்றி எடுத்துவந்த பூட்டை வேலை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு நின்றாள். அவர் வந்து நடந்ததைச் சொன்னார். இந்த முறை பொய் சொல்லவில்லை, அது ஒன்றுக்காவது பாராட்ட வேண்டும். அன்றைக்கு அவள் அம்மாவைப் பார்க்க ஓடிய பிறகு, மேசையில் இருந்த பூட்டின் நாக்கைச் சும்மா தள்ளிப் பார்த்திருக்கிறார். புது ஸ்பிரிங் ஆனதால் விறைப்பாக இருந்திருக்கிறது. அடடா, அவசரத்தில் இவள் மசகு போட மறந்துவிட்டாள், நாளைக் காலையில் படகுக்குப் போக வேண்டிய பூட்டாயிற்றே என்று, கைவசம் இருந்ததைத் தாராளமாகப் போட்டு மூடி, வெளியே வழிந்ததைத் துடைத்து, அவள் திட்டுவாளே என்ற பயத்தில் பலகையிலிருந்த நகப்பூச்சை எடுத்துப் பொட்டும் வைத்துவிட்டார். அவள் சிவப்பாக ஏதோ வைப்பாள் என்று தெரியும். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது கோடு என்று தெரியவில்லை.

உதவி செய்யத்தான் போனார். அதை அவள் நம்பினாள். தம்பி விழுந்த அன்றைக்கே அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை. மூடி முத்திரை வைத்த பூட்டைத் திறந்தவனுக்கு மேஸ்திரி வேலை கிடைக்காது, இருக்கிற வேலையும் போயிருக்கும் என்றார். அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அடுத்து அவர் சொன்னதுதான் தொண்டையில் நின்றது.

“நான்தான்னு தெரிஞ்சா உன் தம்பி என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். நீ கூடப் பொறந்தவ. உன்னைன்னா ஒரு வருஷத்துல மன்னிச்சுருவான்னு நெனச்சேன்.”

“அம்மா சாகும்போதும் நெனச்சீங்களா?”

அவர் வின்ச்சைப் பார்க்கிற அதே பார்வையோடு மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. தடவிவிட்ட தேங்காய் எண்ணெயெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குத்திக்காட்டாத மனிதர்! கையில் கத்தியே இல்லாதவன் எப்படிக் குத்துவான்? ஏழு வருஷம் அவரைக் கும்பிடாத குறையாக வைத்திருந்தாளே, அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

பூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் படகு டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போனாள். தம்பி அங்கேதான் வேலை பார்த்தான், கரைக்குக் கரை போகும் பயணிப் படகுக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை. கால் மடங்காது என்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பான், இடது கால் மேசைக்கு வெளியே கட்டையாக நீண்டிருக்கும். வரிசையில் நின்றாள். முன்னால் ஒன்பது பேர். தன் முறை வந்ததும் பூட்டைத் துணி பிரித்து அவன் முன்னால் வைத்தாள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவன் பூட்டைக் கையில் எடுத்தான். கட்டை விரலால் நாக்கைத் தள்ளினான், கிரீஸை மோந்து பார்த்தான். பொட்டின் அடியில் சேராமல் கிடந்த கோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். தொழில் தெரிந்தவன், இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

“மறுநாள் நீதானே கொண்டுபோய் மேல மாட்டுனே?” என்று கேட்டான். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு. “அப்பப் பாக்கலையா?”

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காற்றில் சரியாகத் தெரியவில்லை, அவசரப்படுத்தினார்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வீட்டில் ஒருவர் பொய்யாக வாழ்ந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

“செவப்பைப் பாத்தேன்டா. கோடா பொட்டான்னு பாக்கல.”

அவன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. நொண்டிக் காலைக் கையால் தூக்கி வேறு இடத்தில் வைத்தான்.

“காலைல எழுந்து இந்தக் காலைக் கீழ ஊணும்போது உன்னை ஒரு தடவை திட்டுவேன்க்கா. அப்பத்தான் எழுந்திருக்கவே முடியும். ஏழு வருஷப் பழக்கம். நாளைக்கு யாரைத் திட்டி எழுந்திருக்கறதுன்னு தெரியல.”

பூட்டைத் துணியில் சுற்றி அவள் பக்கம் தள்ளினான். அவள் தோளுக்கு மேலே பார்த்து, “அடுத்த ஆள் வாங்க,” என்றான்.

மறுநாள் அதே படகில் புதுப் பூட்டு பொருத்த வேண்டியிருந்தது. தன்னை ஏற்ற வேறொருவரைக் கூப்பிட்டாள் அணில். நல்ல பலசாலி, அவளுக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் சுற்றினார். மூன்று மீட்டரில் ஒரு குலுக்கு, ஐந்து மீட்டரில் இன்னொரு குலுக்கு. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கச் சொன்னாள். கீழே வந்தும் இருக்கையைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே மேஸ்திரி இருந்த பக்கம் கையைக் காட்டினாள். அவர் வந்து வின்ச்சைப் பிடித்தார். என்ன செய்வது, அந்த வாயை நம்ப முடியாது, அந்தக் கையை விட்டால் வேறு கை இல்லை.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பூட்டையும் கீழே மூடுவதில்லை. கழுவி, உலர்த்தி, திறந்தபடியே பையில் போட்டு மேலே கொண்டுபோவாள். உச்சியில், வேறு எந்தக் கையும் எட்டாத இடத்தில், மூன்று திருகாணிகளையும் முடுக்கி, இடுப்புப் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக் கோடு போடுவாள். கோடு காயும்வரை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கீழே அவர் அண்ணாந்து பார்த்தபடி காத்திருப்பார்.

‘கை கழுவியாச்சா’ என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். அவள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் நாளைக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கிறவர்களுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான். தம்பிக்குச் சொல்லியாயிற்று. அவன் மன்னித்தானா என்று தெரியாது, அந்தப் பக்கம் அவள் மறுபடி போகவில்லை, அவனும் வரவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வழியில்லை.

புருஷனோடு இப்போது அவளுக்கு மூன்று சொல்தான் மிச்சம். ஏத்து. நிறுத்து. இறக்கு. சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். அவர் கதவைத் திறக்கிறார், அவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள். வீட்டில் ஏற்றவும் இறக்கவும் எதுவும் இல்லை.